குளத்தைப் பெயர்த்தெடுக்காதே

அன்புள்ள மலர்,

பாடம் செய்த, அதாவது பதப்படுத்தி உருவம் கொடுத்த வாத்தை மிதக்கவிட எபாக்சி ரெசின் ஊற்றி நீ செய்த குளத்தின் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊற்றிய ரெசினை எல்லாம் பெயர்த்தெடுத்துவிட்டு மறுபடி ஊற்றப்போகிறேன் என்கிறாயே, வேண்டாம்மா. அதில் இருப்பது மூன்று தனித்தனிக் கோளாறு, மூன்றுக்கும் காரணம் வேறு.

ஒரு மூலை மட்டும் பிசுபிசுக்கிறது, மற்ற இடமெல்லாம் இறுகிவிட்டது என்றால் அளவு தப்பவில்லை, கலக்கியதில்தான் குறை. கப்பின் ஓரத்திலும் அடியிலும் ஹார்டனர், அதாவது ரெசினை இறுகவைக்கும் திரவம், சரியாகச் சேராமல் நிற்பதைச் சுரண்டி ஊற்றினால் அது எத்தனை நாள் போனாலும் இறுகாது. அந்த இடத்தை மட்டும் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சுற்றிலும் உப்புத்தாள் போட்டுவிட்டுப் புதிதாக மெல்லிசாய் ஊற்று. கீறல் வெள்ளையாகத் தெரிந்தால் பயப்படாதே, புது ரெசின் படிந்ததும் மறைந்துவிடும். இந்தத் தடவை ஒரு கப்பில் கலந்ததை வேறு கப்பில் மாற்றி இன்னொரு முறை கலக்கு. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டிவிடாதே, பாலியெஸ்டர் ரெசினில் வினையூக்கியைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம், எபாக்சியில் அது கதைக்கு ஆகாது.

குமிழுக்குக் காரணம் சிகாகோ குளிரும் அந்த நாணலும். குளிர்ந்த ரெசின் தடித்துப்போய் காற்றை மேலே விடாது, அதனால் பாட்டில்களை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, வெளிப்புறத்தை ஈரம் இல்லாமல் துடைத்த பிறகே திற, ஒரு சொட்டு தண்ணீர் விழுந்தாலும் ரெசின் பால்போல் வெளுத்துவிடும். காய்ந்த நாணல் உள்ளே வெறும் குழல், ரெசின் இறங்க இறங்கக் காற்றைக் கக்கிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை தண்டுகளுக்கு முதலில் பிரஷ்ஷால் ரெசின் பூசிக் காயவிட்டு அப்புறம் நடு. இப்போது இருக்கும் குமிழ்களில் மேல்பரப்பில் உள்ளதை மட்டும் மெல்லிய துரப்பணத்தால் திறந்து நிரப்பு, ஆழத்தில் தண்டோடு ஒட்டியிருப்பதை விட்டுவிடு, நிஜக் குளத்திலும் அப்படித்தானே இருக்கிறது. ஆழமாக வேண்டுமென்று ஒரே தடவையில் ஊற்றிவிடாதே, எபாக்சி இறுகும்போது சூடு கிளம்பும், மொத்தமாக நின்றால் மஞ்சளாகி வெடிப்பு விடும், அடியில் இருக்கும் தெர்மாகோலும் அந்தச் சூட்டில் உருக்குலையும்.

என் கவலையெல்லாம் வாத்தின் மார்பில் ஏறிய அந்தக் கறுப்புக் கோடுதான். இறகு ரெசினை உறிஞ்சி மேலே இழுத்துக்கொள்ளும். இறுகிய பிறகு எந்தக் கரைப்பானும் அதை இறகைக் கெடுக்காமல் எடுக்காது. நனைந்த இறகுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அதே வரிசையில் வேறு மார்பிறகு ஒட்டுவதுதான் வழி. இனி பறவையைத் தண்ணீர்க்கோட்டில் வெட்டி, இறுகிய பரப்பின் மேல் உட்காரவைத்துவிட்டு, சுற்றிலும் ரெசின் தேன் பதத்துக்கு வந்த பிறகு கொஞ்சமாக விடு.

1890-ல் எபாக்சியே கிடையாது, அப்போதே கார்ல் ஏக்லி என்ற பாடம் செய்யும் கலைஞர் மில்வாக்கி அருங்காட்சியகத்தில் மஸ்க்ராட் என்ற நீர் எலிகளைத் தண்ணீருக்கு மேலும் கீழும் தெரியும்படி வைத்துக் காட்டினார். பின்னால் அவர் வேலை பார்த்த சிகாகோவில்தான் நீ இருக்கிறாய். பொறுமை இருந்தால் இதுவும் வரும்.

ஒன்று முக்கியம். அந்த வாத்து பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்றாய். பழங்காலத்தில் பாடம் செய்யும்போது தோலுக்கு ஆர்சனிக் பூசுவார்கள், அது இறகிலும் தூசியிலும் தங்கியிருக்கும். சோதித்துப் பார்க்காமல் இறகைப் பிடுங்காதே, வெட்டாதே. நைட்ரைல் கையுறையும் தூசிக்கான முகக்கவசமும் இல்லாமல் பக்கத்திலேயே போகாதே. ரெசினுக்கும் அதே கையுறை, தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வந்துவிடும், வந்தால் போகாது, அப்புறம் இந்த வேலையையே விடவேண்டியிருக்கும்.

சோதனை முடிவு வந்ததும் போன் பண்ணு, எந்த இறகு எங்கே என்று வீடியோவில் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா