ஓட்டு எங்கேயும் போய்விடவில்லை, மச்சான்

தண்டையார்பேட்டை

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய போட்டோவை வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். அப்படியே உன் அம்மா ஜாடை. இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது.

உன் தெருவில் ஆட்டோ ஓட்டுபவரைப் பற்றி எழுதியிருந்தாய். மூன்று வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர் என்றாய். "இவனுக்கெல்லாம் ஓட்டு ஒரு கேடா" என்று ஒரு வரி போட்டிருந்தாய். அந்த வரி இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. உன் மேல் கோபமில்லை மச்சான். போய்விட்டு வந்தவர்களே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன மாதம் காசிமேட்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வலை பின்னுகிற பையன் ஒருவன், கண்டிஷன் பெயிலில் தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறவன், பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பெயில் ஆர்டரில் ஒரு வரி புரியவில்லை என்று பிளாஸ்டிக் கவரைப் பிரித்தான். ஆர்டர், ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் அடியில் வாக்காளர் அட்டை இருந்தது. லேமினேஷன் ஓரம் பிரிந்து, போட்டோவில் அரும்பு மீசை. "இது இனிமே செல்லாது இல்ல சார், கேஸ் ஆயிடுச்சே" என்றான்.

அட்டை எண்ணை வாங்கி என் போனில் போட்டுப் பார்த்தேன். பெயர் இருந்தது. பாகம் எண், வரிசை எண், அவன் படித்த அதே மாநகராட்சிப் பள்ளியில் வாக்குச்சாவடி. போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். "ஓட்டுப் போடப் போனா அங்கேயே புடிச்சிட மாட்டாங்களா?" என்று கேட்டான். பட்டியலில் பெயரும் கையில் அட்டையும் இருந்தால் போதும், அங்கே யாரும் கேஸைப் பற்றிக் கேட்க மாட்டார்கள் என்றேன்.

சட்டம் இதுதான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 62(5). சிறையிலோ போலீஸ் காவலிலோ இருக்கிறவர் ஓட்டுப் போட முடியாது. அவ்வளவுதான். ஜாமீனில் வெளியே இருப்பவர் போடலாம். தண்டனையை முடித்துவிட்டு வந்தவரும் போடலாம். இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், விடுதலையாகி ஆறு வருஷம் வரை தேர்தலில் நிற்கத்தான் முடியாது. தண்டனை வந்து எம்.எல்.ஏ. பதவி போன செய்தியை டிவியில் கேட்டுவிட்டு, நம் ஜனங்கள் ஓட்டும் சேர்ந்து போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. புழல் ஜெயிலில், ஷூரிட்டி போட, அதாவது ஜாமீனுக்குப் பொறுப்பேற்க, ஆள் கிடைக்காமல் ரிமாண்டில் கிடப்பவருக்கும் ஓட்டுக் கிடையாது. குற்றம் நிரூபணமே ஆகவில்லை, பணமில்லை, அதனால் ஓட்டும் இல்லை. நாடு முழுக்கச் சிறையில் இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் இப்படி விசாரணைக் கைதிகள்தான். 1997-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது. நான் வக்கீல் குமாஸ்தா, தீர்ப்பை அலசத் தெரியாது. ஆனால் இது நியாயமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இதில் ஒரு விலக்கு. அதே புழலில் குண்டாஸில், அதாவது குண்டர் சட்டத்தில், இருப்பவருக்கு ஓட்டு உண்டு, தெரியுமா? அது தண்டனை இல்லை, முன்கூட்டியே பிடித்து வைக்கும் தடுப்புக் காவல் என்பதால் தபால் ஓட்டு. தேர்தல் அறிவிக்கை வந்த 15 நாளுக்குள் தேர்தல் நடத்தும் அதிகாரிக்கு எழுதிப் போட வேண்டும். ஜெயிலுக்கு மனு போட்டுப் பார்க்கப் போகும் அம்மாக்களிடமும் மனைவிகளிடமும் இப்போது இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.

பட்டியலில் பெயர் இருக்கிற விஷயத்தில்தான் கவனம் வேண்டும். சிறையில் இருக்கிறார் என்பதற்காகச் சிறை அவருடைய வசிப்பிடம் ஆகிவிடாது என்று 1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. ஓட்டுப் போட முடியவில்லை என்பதால் அவர் வாக்காளர் இல்லை என்று ஆகிவிடாது என்று 2013-ல் திருத்தமும் வந்தது. ஆனால் 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்களே, அதை நிரப்பித் திருப்பிக் கொடுக்காதவர்களின் பெயர் வரைவுப் பட்டியலில் வரவில்லை. அந்த நேரத்தில் உள்ளே இருந்தவர்களை நினைத்துப் பார். வாடகை வீடு, பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள், யார் வாங்கி யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள்?

முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். ஜாமீன் மனு, ஷூரிட்டி, வாய்தா தேதி எல்லாம் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! உன் ஓட்டு இருக்கிறதப்பா என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. எனக்கே தோன்றவில்லை. அது உறுத்துகிறது மச்சான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் போய், தெரிந்த வீடுகளில் உட்கார்ந்து பெயர் பார்த்துக் கொடுக்கிறேன்.

எனக்காக ஒன்று செய். அந்த ஆட்டோக்காரரிடம் நீயே போய்ப் பேசு. பெயர் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் பெயர் சேர்க்கப் படிவம் 6, வீடு மாறியிருந்தால் படிவம் 8. சந்தேகம் வந்தால் வாக்காளர் உதவி எண் 1950-க்குப் போன் போடு. படிவத்தை நிரப்பும்போது அவரோடு உட்கார். உன் கையெழுத்துதான் முத்து முத்தாக இருக்குமே.

அவர் என்ன சொன்னார் என்று எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்