கச்சிலைமடுவில் இருப்பது ஒரு கல்

அன்புள்ள தம்பிக்கு,

மவுண்ட் வெர்ணனில் எடுத்த படங்கள் கிடைத்தன. ஜோர்ஜ் வாஷிங்டனின் வீட்டை அம்மம்மாவுக்கும் காட்டினேன். "இவ்வளவு பெரிய வீட்டை ஆர் கூட்டுறது?" என்று கேட்டா. சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறா. 1799இல் வாஷிங்டன் இறந்தபோது அந்தக் காணியில் 300க்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். அவர்கள் படுத்த இடத்தை ஏன் நீ படம் எடுக்கவில்லை?

வாஷிங்டனை விட அந்த வீடு மிஞ்சிய கதைதான் எனக்குப் பிடித்தது. பழுதாகிக்கொண்டிருந்த வீட்டை அரசாங்கம் வாங்க மறுத்தது. ஆன் பமீலா கன்னிங்ஹாம் என்ற பெண் 1853இல் பெண்களைத் திரட்டிச் சங்கம் அமைத்து, நாடெங்கும் காசு சேர்த்து, 2 இலட்சம் டொலருக்கு வாங்கினா. இன்றைக்கும் அந்தச் சங்கம்தான் பராமரிக்கிறது.

"எங்கட பண்டாரவன்னியன்ர வீடு எங்க, சின்னம்மா?" என்று எழுதியிருந்தாய். ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வன்னித் தலைவன் அல்லவா! சித்தப்பாவோடு மோட்டார் சைக்கிளில் கச்சிலைமடுவுக்குப் போனேன், முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்குக் கிட்டத்தான். வீடென்று காட்ட ஒன்றுமில்லை. அந்த இடத்தை ஊருக்கு அடையாளம் காட்டியது ஒரு கல். அதுவும் அவரைத் தோற்கடித்த ஆங்கிலேயரின் பக்கத்திலிருந்து நட்ட கல்! 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் இங்கே பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதுதான் அதன் ஆங்கில வாசகம். அதே டிறிபேர்க்கை அந்த ஆண்டு ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்து விரட்டி, பீரங்கிகளையும் பறித்தாரே, அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அவர்கள் கல்லை நடாமல் விட்டிருந்தால், இந்தக் காட்டுக்குள் எந்த இடம் என்று நாங்கள் இன்றைக்கும் சண்டை பிடித்துக்கொண்டிருப்போம். இப்பவும் பாதிப்பேர் அவர் அன்றைக்கே இறந்துவிட்டார் என்கிறார்கள். சித்தப்பாவும் அதே கட்சி. கல் சொல்வது தோல்வியை மட்டும்தான். அவர் தப்பி, பிறகும் சில ஆண்டுகள் ஆங்கிலேயருக்குத் தலையிடி கொடுத்தார்.

வருகிறதென்றால் ஓகஸ்டில் வா. 25ஆம் திகதி வவுனியாவில் அவருடைய சிலைக்கு மாலை போடுவார்கள். அப்புறம் வன்னித் தலைவர்களின் பழைய ஊரான பனங்காமம் போவோம். வீடு கிடைக்காது, சொல்லிவிட்டேன். குளம் இருக்கிறது. தொப்பியை மறக்காதே, வெயில் மண்டையைப் பிளக்கும்.

அன்புடன்,
சின்னம்மா