காணிக்கை உறையில் பெயர் வேண்டாம்

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும் சபைக் கமிட்டியாருக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பின் ஸ்தோத்திரங்கள். கடந்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை ஆராதனையில் நடந்ததை நீங்களே முன்நின்று நடத்தினீர்கள் என்பதால், என் வேண்டுகோளை முதலிலேயே வைக்கிறேன்: காணிக்கை கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் வாசிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அன்று 5000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி முடிக்கவே 45 நிமிடங்கள் ஆயின. அவர்களுக்காக முன்வரிசை நாற்காலிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தீர்கள். காது மந்தமானதால் பிரசங்கம் கேட்கும்படி அந்த வரிசையின் ஓரத்தில் பல வருடங்களாக உட்கார்ந்துவரும் ஒரு வயதான அம்மாவை எழுப்பிப் பின்னால் அனுப்பினார்கள். முந்தின இரவு அசனத்துக்காக, அதாவது சபையின் பொதுவிருந்துக்காக, விடிய விடிய வெங்காயம் உரித்தவர் அவர். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், சேலை முந்தியில் முடிந்திருந்த நோட்டை அவிழ்த்தார், உறையின்மேல் பெயர், தொகை என்று அச்சிட்டிருந்த இரண்டு கோடுகளைப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுல அம்பது ரூவான்னு எழுதணுமா?” என்று கேட்டார். எழுத வேண்டாம் என்றேன். ஆனாலும் உறையை என் கையில் கொடுத்துவிட்டு நோட்டை மறுபடி முடிந்துகொண்டார். அசனப் பந்தியில் அவரைக் காணவில்லை.

காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்த இயேசு, இரண்டு காசு போட்ட ஏழை விதவையைச் சீஷர்களுக்குச் சுட்டிக்காட்டினார் (மாற்கு 12:41-44). அவள் பெயர் என்னவென்று சுவிசேஷம் சொல்லவில்லை. அவளைவிடப் பெருந்தொகை போட்ட ஐசுவரியவான்களின் பெயரும் அதில் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் நம் தாத்தா பாட்டிமார் அறுப்பின் பண்டிகைக்கு நெல்லும் தேங்காயும் கோழியும் கொண்டுவந்து ஆலயத்தில் வைத்தபோது, குவியலில் எது யாருடையது என்று எவரும் கேட்டதில்லை.

கூரை ஒழுகுகிறது, அடுத்த மழைக்கு முன் சரிசெய்யப் பணம் வேண்டும், பெயர் வாசித்தால்தான் கொடுக்கிறார்கள் என்று கமிட்டியில் சொல்வதை அறிவேன். ஒழுகல் உண்மைதான், நானும் அதன்கீழ் நனைந்தவன். ஆனால் புகழுக்காகக் கொடுக்கச் சபையே பழக்கிவிட்டு, தாழ்மையைப் பற்றி எப்படிப் பிரசங்கிப்பது? இயேசு சீஷர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் ஆராதனையில் ஒருவரின் பாதத்தைக் கழுவித் துடைத்தபின், படம் சரியாக விழவில்லை என்று மறுபடி தண்ணீர் ஊற்றினார்கள். ஈரக்காலோடு கேமராவுக்காகக் காத்திருந்த அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அடிமையின் ரூபமெடுத்த இயேசுவை ஆராதிக்கும் இடத்தில் இது நடந்திருக்கக் கூடாது.

கோபத்தில் வார்த்தை மிஞ்சியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரும் தொகையும் கேட்காத வெற்று உறையை அடுத்த ஞாயிறே கொடுங்கள், ஆராதனையில் பெயர் வாசிப்பதை நிறுத்துங்கள், நாற்காலிகளில் ஒட்டிய சீட்டுகளைக் கிழித்துவிடுங்கள் என்று மறுபடியும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். போதகர் ஐயா அந்த அம்மாவின் வீட்டுக்கு ஒருமுறை போய், அவருடைய ஓர நாற்காலி காலியாகவே இருக்கிறது என்று சொல்லி அழைத்துவர வேண்டும்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினன் ஒருவன்,
தாராவி, மும்பை