லொகேஷன் ஆஃப் பண்ணா ஏன் கேள்வி வருது?

ஆசிரியருக்கு வணக்கம்,

நம்ம பேப்பர்ல புது ஆப் பத்தி எழுதறப்போ "நண்பர்கள் எங்க இருக்காங்கன்னு மேப்ல பாக்கலாம்"னு வசதிகள்ல ஒண்ணா போட்டுட்டு அடுத்த வரிக்கு போயிடறீங்க. அந்த ஒரு வரியப் பத்திதான் இந்த லெட்டர்.

2009ல ஃபோர்ஸ்கொயர்னு ஒரு ஆப் வந்தப்போ நாமளே போனை எடுத்து பட்டனை அமுக்கி "நான் இங்க இருக்கேன்"னு செக்-இன் போடணும், ஒரே இடத்துக்கு அடிக்கடி போனா மேயர் பட்டம் வேற குடுப்பாங்க (சின்னப்புள்ளத்தனம்தான், ஆனா ஜாலியா இருந்துச்சு). 2010ல ஃபேஸ்புக்கும் பிளேசஸ்னு இதே மாதிரி ஒண்ணு ஆரம்பிச்சுது. அதே வருஷம் பிளீஸ் ராப் மீன்னு ஒரு வெப்சைட், ஜனங்க பப்ளிக்கா போட்ட செக்-இன்னை எல்லாம் வரிசையா காட்டி, வீட்ல ஆள் இல்லன்னு திருடனுக்கு நீங்களே சொல்றீங்களேன்னு கிண்டல் பண்ணுச்சு. ஆனா அப்போ சொல்றதா வேணாமாங்கறது ஒவ்வொரு தடவையும் நம்ம கையில இருந்துச்சு.

இப்போ ஒரு தடவை ஓகே குடுத்தா போதும், அப்புறம் போனே சொல்லிக்கிட்டு இருக்கும். 2017ல ஸ்னாப்சாட் ஆப்ல வந்த ஸ்னாப் மேப்ல ஷேரிங்க ஆன் பண்ணிட்டா ஆப்பைத் திறக்கறப்போ எல்லாம் நம்ம இடம் புதுசாகும். பேர் போடலயே, யாருக்குத் தெரியப்போகுதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. ஓடறவங்க ரூட்டை பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப், பேர் எதுவும் இல்லாமதான் உலக மேப் ஒண்ணு வெளியிட்டுச்சு, 2018 ஜனவரில பாத்தா ஆப்கானிஸ்தான், சிரியா பக்கம் இருந்த ராணுவ முகாம் எல்லாம் அதுல பளிச்சுன்னு தெரியுது, சிப்பாய்ங்க அந்த ஆப்பை ஆன் பண்ணிட்டு ஓடினதுதான் காரணம். 2013ல வந்த ஒரு ஆராய்ச்சில 15 லட்சம் பேரோட போன் டேட்டாவை எடுத்துப் பாத்து, எந்த இடம் எந்த நேரம்னு நாலே நாலு புள்ளி இருந்தா 95 சதவீதம் பேரைத் தனியா பிரிச்சுடலாம்னு சொன்னாங்க.

கம்பெனிய விடுங்க, எனக்குப் பெரிய கவலை வீட்டுக்குள்ளதான். ஆரம்பத்துல பாசத்துல ஆன் பண்றாங்க, ராத்திரி லேட்டா வர்றவங்க பத்திரமா வர்றாங்களான்னு பாக்க உதவுது, இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு நாள் ஆஃப் பண்ணா "ஏன் ஆஃப் பண்ண, எதை மறைக்கற?"ன்னு கேள்வி வருது பாருங்க, அங்கதான் சிக்கல். புருஷன் பொண்டாட்டி, காலேஜ் போற பிள்ளைங்க, லவ் பண்றவங்க எல்லாருக்கும் இது நடக்குது. ஆஃப்ல இருக்கறது சாதாரண விஷயமா இருந்த காலம் போயி அதுக்கு காரணம் சொல்ல வேண்டியதா ஆயிடுச்சு.

வாட்ஸ்அப் லைவ் லொகேஷன்ல 15 நிமிஷம், 1 மணி நேரம், 8 மணி நேரம்னு அளவு இருக்கு, டைம் முடிஞ்சா தானா நின்னுடும், யாரும் யார்கிட்டயும் விளக்கம் சொல்ல வேணாம். எல்லா ஆப்லயும் இப்படி இருந்தா பாதி சண்டை குறையும்னு தோணுது.

அதனால அடுத்த தடவை புது ஆப் பத்தி போடறப்போ, லொகேஷன் முதல்லயே ஆன்ல இருக்கா, தானா நிக்குமா, ஆஃப் பண்ணா மத்தவங்களுக்கு நோட்டிஃபிகேஷன் போகுமா, இந்த மூணையும் சேத்து எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்