பரிசு அட்டையில் மிஞ்சும் பணம் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளி நெருங்குகிறது. ஜவுளிக்கடை, நகைக்கடை வாசல்களில் ‘கிஃப்ட் கார்டு கிடைக்கும்’ என்ற பலகைகள் முளைத்துவிட்டன. அதை வாங்க நினைப்பவர்களுக்காகவும், சட்டம் செய்யும் இடத்தில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் பணி ஓய்வு பெற்றபோது உடன் வேலை பார்த்த ஆசிரியைகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, திருச்சி ஜவுளிக்கடை ஒன்றின் 5,000 ரூபாய் அட்டையைப் பரிசளித்தார்கள். எனக்குப் பிடித்த சுங்குடிச் சேலைகள் இரண்டு எடுத்தேன், 4,260 ரூபாய். பில் போடும் பெண், “மீதிக்கும் இப்போதே ஏதாவது எடுத்துவிடுங்கள் அம்மா, ஒரே பில்தான் போடமுடியும்” என்றாள். மீதி 740 ரூபாயைக் கையில் தரமாட்டார்கள். அட்டையிலும் விட்டுவைக்க முடியாது. தேவையே இல்லாத போர்வையும் துண்டுகளும் எடுத்ததில் கணக்கு 5,000-ஐத் தாண்டி, 185 ரூபாய் என் பையிலிருந்து போனது. தள்ளுபடி விலையும் அட்டைக்குக் கிடையாதாம். இந்த நிபந்தனைகள் எல்லாம் அட்டையின் பின்பக்கம் கடுகளவு ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன், பாவம், விதியை வகுத்தது அவள் அல்ல.

என் நாத்தனாருக்கு வந்தது வேறொரு கடையின் 3,000 ரூபாய் அட்டை, கெடு ஆறு மாதம். மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரு போய்த் திரும்பியபோது கெடு முடிந்திருந்தது. முழுப் பணமும் கடைக்கே. பொருள் ஏதும் தராமல் பணத்தை மட்டும் வைத்துக்கொள்வது எந்த ஊர் வியாபாரம்? மொய்க் கவரில் வைத்த பணம் இப்படி ஆறு மாதத்தில் செல்லாமல் போவதில்லை.

வங்கிகளும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களும் வெளியிடும் பரிசு அட்டைகளுக்கு ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட நெறிமுறைகள் உள்ளன. குறைந்தது ஓராண்டு செல்லுபடியாக வேண்டும். கெடு முடிவதற்கு முந்தைய 45 நாட்களுக்குள் அட்டை வைத்திருப்பவருக்கு நினைவூட்ட வேண்டும். ஆனால் ஒரு கடை தன் சரக்குக்காகத் தானே வெளியிடும் அட்டை இந்த நெறிமுறைக்குள் வராது. ரிசர்வ் வங்கி அதைக் கண்காணிப்பதும் இல்லை. நம் கைக்கு அதிகம் வருவதோ இந்த வகைதான். சரக்கு கைமாறும் முன்பே கடைக்குப் பணம் சேர்ந்துவிடுகிறது, அதுவும் வட்டியில்லாமல். இடையில் கடையை மூடிவிட்டால் அட்டையை எங்கே நீட்டுவது?

ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பர் முதல் பரிசு அட்டைக்குக் குறைந்தது மூன்றாண்டு ஆயுள். அமெரிக்காவில் ஐந்தாண்டு. அங்கே கலிஃபோர்னியாவில், அட்டையில் மிஞ்சிய சிறு தொகையை ரொக்கமாகக் கேட்டால் கடைக்காரர் கொடுத்தாக வேண்டும்.

நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடை அட்டைகளுக்கென விதி வகுக்க வேண்டும். மூன்றாண்டுக் கெடு, மீதியைத் திரும்பப் பெறும் உரிமை, விற்கும் முன்பே தமிழில் படிக்கும்படியான நிபந்தனைகள் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். அதுவரை, ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். 740 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஸ்ரீரங்கம்.