புதுமணப் பெண்ணிடம் மூட்டுவாதத்தையும் கேளுங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்தின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். புதிதாக மணமுடித்தவர்களிடம் ஃபோலிக் அமிலம் பற்றியும் ருபெல்லா தடுப்பூசி பற்றியும் கேட்கிறீர்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: காலையில் எழும்பும்போது கை மூட்டுகள் வீங்கி விறைத்திருக்கின்றனவா? அதற்குக் குளிசை ஏதும் எடுக்கிறீர்களா?

மூட்டுகளை வீங்கவைக்கும் இந்த முடக்குவாதம் வயதானவர்களுக்கே வரும் என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். எனக்கு அது திருமணத்துக்கு முன்பே வந்தது. வரன் தட்டிப்போகுமென்று நோயை மறைக்கும் வீடுகளும் உண்டு. அதனால் நீங்கள் கேட்காவிட்டால் அந்தப் பெண் வாய் திறக்க மாட்டாள்.

கர்ப்பவதிக் கிளினிக்கில் முதன்முறையாகக் கேட்பது பிந்திய கேள்வி. இந்த வாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து கருச்சிதைவையும் பிறவிக் குறைபாடுகளையும் உண்டாக்கக்கூடியது. கருத்தரிப்பதற்கு ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு முன்பே அதை நிறுத்தியிருக்க வேண்டும். இன்னொரு வாத மருந்தான லெஃப்ளூனமைட் நிறுத்திய பிறகும் நெடுநாள் உடலில் தங்கும். அதை வெளியேற்றவே தனி மருந்து உண்டு.

ஆனால் நான் அதிகம் அஞ்சுவது இதற்கு நேர்மாறான தவற்றை. கர்ப்பம் என்று தெரிந்தவுடன் எல்லாக் குளிசைகளையும் வீசிவிடுகிறார்கள். அயலவர் சொல்வதும் அதுதான். மருந்தால் அடக்கப்படாத மூட்டு அழற்சியே குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஹைட்ரொக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசீன் ஆகிய வாத மருந்துகளைக் கர்ப்ப காலத்திலும் தொடரலாம். பின்னதுடன் ஃபோலிக் அமிலம் அவசியம். இவற்றை விட்டுவிட்டு, வலி பொறுக்க முடியாமல் பார்மசியில் டைக்ளோபெனாக் என்ற வலிநிவாரணியை வாங்கி விழுங்குகிறவள் இருபதாவது வாரத்துக்குப் பின் குழந்தையின் சிறுநீரகத்தையும், கடைசி மூன்று மாதங்களில் அதன் இதயத்து இரத்தக்குழாயையும் ஆபத்துக்குள்ளாக்குகிறாள். அவளுக்கு இதை யார் சொன்னார்கள்?

பிள்ளை வயிற்றில் இருக்கையில் வாதம் அடங்கும் என்பார்கள். பலருக்கு அடங்குகிறது, எல்லோருக்கும் அல்ல. பிரசவத்துக்குப் பின்வரும் மாதங்களில் அது மீண்டும் கிளம்புவதும் சாதாரணம். குழந்தையை நிறுக்க வீட்டுக்கு வரும்போது தாயின் மணிக்கட்டையும் ஒருமுறை பாருங்கள். வீங்கிய கையால் குழந்தையைத் தூக்கிப் பால் கொடுப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன்.

நெடுந்தீவுப் பெண் படகேறிக் குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து நகருக்கு வர வேண்டும். வாதநோய் மருத்துவரையும் மகப்பேற்று மருத்துவரையும் அவள் ஒரே நாளில் பார்க்கும்படி திகதி குறித்துக் கொடுங்கள். எந்தக் குளிசையைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும் என்பதை அந்த இருவரும் கலந்து பேசி, அவளுடைய கர்ப்பவதி அட்டையிலேயே தமிழில் எழுதட்டும்.

நன்றியுடன்,
யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி