தண்ணீர் மணி அடித்ததும் இரண்டு நிமிடம்

தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளின் கவனம் சிதறுகிறது, தியானம், மனக்கவனம் (இந்த நொடியில் நடப்பதை நிதானமாகக் கவனிப்பது) என்று ஏதாவது சொல்லிக்கொடுங்கள் என்று பெற்றோர் கேட்கிறார்கள். சொல்லிக்கொடுங்கள், நல்லதுதான். ஆனால் அதற்கென்று தனி பீரியடும் தனிப் புத்தகமும் வேண்டாம்.

பிரிட்டனில் 'மிரியாட்' என்று ஓர் ஆய்வு நடந்தது. 84 பள்ளிகள், 11 வயதைத் தாண்டிய 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். மனக்கவனத்தைப் பாடமாக நடத்திய பள்ளிகளுக்கும் வழக்கம்போல் நடந்த பள்ளிகளுக்கும் பிள்ளைகளின் மனநலத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று 2022-ல் முடிவு வந்தது. வகுப்பில் கற்றதைப் பெரும்பாலானோர் வீட்டில் செய்யவே இல்லை. வீட்டுப்பாடம் ஆக்கினால் வேறென்ன நடக்கும்! நம் பிள்ளைகள் அவர்களைவிடச் சின்னவர்கள், அந்த முடிவு அப்படியே இங்கே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பாடமாக்குவதற்கு முன் யோசியுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பிள்ளைகள் மறக்காமல் தண்ணீர் குடிக்க அடிக்கும் தண்ணீர் மணி, கேரளத்தில் 2019-ல் வந்தது, 2025-ல் நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. அந்த நேரமே போதும். மணி அடித்ததும் பாட்டிலை எடுக்காமல், சத்தம் எதுவரை கேட்கிறது என்று பிள்ளைகள் காது கொடுக்கட்டும். கேட்பது நின்றதும் கை தூக்கட்டும். தண்டவாளத் துண்டு தொங்கும் பள்ளிகளுக்கு யோகம்தான், அதன் ரீங்காரம் நெடுநேரம் நிற்கும். மின்சார மணி சட்டென்று நின்றுவிடும். அங்கே எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் ஒரு தட்டு தட்டுங்கள். ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் சத்தம் கேட்கும்போதே போட்டி போட்டுக் கை தூக்கும். விடுங்கள், நாலைந்து நாளில் தானாக அடங்கும். அப்புறம் முதல் வாய்த் தண்ணீரை உடனே விழுங்காமல் கொஞ்சம் வைத்திருந்து, குளிர்ச்சி எங்கே தெரிகிறது, நாக்கிலா தொண்டையிலா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். எல்லாமே சரியான விடை.

தேர்வுத்தாள் கொடுக்கும் முன்னும் விளையாட்டில் சண்டை போட்டு வந்த பிறகும் கைவிரல் மூச்சு உதவும். ஒரு கையை விரித்துக்கொண்டு, மறு கையின் சுட்டுவிரலால் விரல்களின் ஓரத்தைத் தடவிப் போக வேண்டும். ஏறும்போது மூச்சை இழுத்து, இறங்கும்போது விட வேண்டும். ஐந்து விரலுக்கு ஐந்து மூச்சு. சளி பிடித்த பிள்ளை வாயால் விடட்டும், மூக்கால்தான் என்று பிடிவாதம் வேண்டாம்.

கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். சில பிள்ளைகளுக்குக் கண்ணை மூடினால் பயம், வீட்டில் என்ன நடக்கிறதோ நமக்குத் தெரியாது. தரையைப் பார்த்தபடி செய்தால் போதும். இன்னொன்று, இரைச்சல் போடும் வகுப்பை அடக்க இதை எடுக்காதீர்கள். 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்பதற்கு இன்னொரு பெயர் ஆகிவிட்டால் பிள்ளைகள் அன்றே வெறுத்துவிடுவார்கள்.

மதிப்பெண்ணும் வேண்டாம், சிறந்த மாணவர் பரிசும் வேண்டாம். யார் செய்தார்கள், எத்தனை நிமிடம் செய்தார்கள் என்று எமிஸில் (பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் அரசு இணையதளத்தில்) ஏற்ற இன்னொரு கட்டம் மேலிடத்திலிருந்து வந்தால், தயவுசெய்து நீங்களாவது எதிர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை ஒருவர்